கால்களைக் காத்த எக்ஸ்ரே மருத்துவர்: சார்ல்ஸ் டோட்டர்

கால் தமனி அடைபட்டு, விரல்கள் கறுத்து, புண் ஆறாமல் போனால் என்ன செய்வது? 1960களின் தொடக்கத்தில் மருத்துவர்களிடம் இருந்த முக்கிய வழிகள் இரண்டு. ஒன்று, காலைத் திறந்து, அடைப்பைத் தாண்டி இரத்தம் ஓட வேறொரு குழாயை வைத்துத் தைக்கும் பெரிய அறுவை சிகிச்சை. அதைத் தாங்கும் தெம்பு இல்லாதவர்களுக்கு மற்றொரு வழி, காலையே எடுத்துவிடுவது.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றைத் திறந்தவர் அறுவை மருத்துவர் அல்லர். எக்ஸ்ரே படம் எடுத்து, கோளாறு எங்கே இருக்கிறது என்று மற்ற மருத்துவர்களுக்குச் சொல்வதே அவர் துறையின் வேலையாக இருந்தது. அவர் பெயர் சார்ல்ஸ் தியோடர் டோட்டர். இன்று தொடையில் ஒரு சிறு துளை போட்டு, அதன் வழியே கம்பியும் பலூனும் செலுத்தி, அடைபட்ட தமனியைத் திறக்கிறார்கள். நோயாளி விழித்திருக்கும்போதே அது நடந்து முடிகிறது. அந்தச் சிகிச்சையின் தொடக்கம் இவரிடம்தான்.

மாணவர்களே, டோட்டரின் வாழ்க்கையை அறிவதோடு, அவர் தொடங்கிய சிகிச்சை நோயாளிகளுக்கு உண்மையில் எவ்வளவு பலன் தந்தது என்பதையும் சேர்த்துப் பார்ப்போம். அந்தக் கேள்விக்கு அவர் காலத்தில் முழுமையான பதில் இல்லை. பதில் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

இயந்திரங்களைப் பிரித்த சிறுவன்

டோட்டர் 1920ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். வளர்ந்தது நியூயார்க் அருகே லாங் ஐலண்டில். உருவத்தில் சிறியவர் என்பதால், முட்டி மோதி ஆடும் விளையாட்டுகளில் அவரால் மற்றவர்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அதனால் மலையேற்றத்தின் பக்கம் திரும்பினார். அந்த ஆசை கடைசிவரை அவரை விடவில்லை. அமெரிக்காவில் 14,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் சிகரங்கள் பலவற்றில் ஏறியிருக்கிறார்.

கையில் கிடைக்கும் இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பது அவருடைய இன்னொரு பழக்கம். எது எப்படி இயங்குகிறது என்று தெரியும்வரை ஓயமாட்டார். டியூக் பல்கலைக்கழகத்தில் 1941இல் பட்டம் பெற்று, கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1944இல் மருத்துவரானார். நியூயார்க் மருத்துவமனையில் தலைமைத் தாதியாக இருந்த பமேலாவைத் திருமணம் செய்துகொண்டார். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள்.

அவர் தேர்ந்தெடுத்த துறை கதிரியக்க மருத்துவம். ஓடும் இரத்தத்தைப் படம் பிடிக்க வேண்டுமானால் ஒரு படம் போதாது. அடுத்தடுத்துப் பல படங்கள் வேண்டும். இதற்காக ஒரு நொடிக்கு இரண்டு படங்கள் எடுக்கக்கூடிய தானியங்கிப் படச்சுருள் கருவி ஒன்றை 1950 வாக்கில் உருவாக்கினார். 1952இல் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரிலுள்ள ஒரிகன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி அவரைக் கதிரியக்கத் துறையின் தலைவராக்கியது. அப்போது அவர் முப்பதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். அந்தப் பொறுப்பில் 33 ஆண்டுகள், இறக்கும்வரை நீடித்தார்.

தற்செயலாகத் திறந்த வழி

இரத்தக்குழாய்க்குள் கருவி செலுத்தும் முறையை இங்கே சற்று விளக்கவேண்டும். 1953இல் சுவீடனைச் சேர்ந்த ஸ்வென் செல்டிங்கர் என்ற மருத்துவர் ஓர் எளிய முறையை வெளியிட்டார். முதலில் ஊசியால் தமனியைத் துளைக்க வேண்டும். ஊசியின் வழியே மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட வேண்டும். பிறகு ஊசியை எடுத்துவிட்டு, அந்தக் கம்பியின்மேல் கத்தீட்டர் எனப்படும் மென்குழாயை நழுவவிட வேண்டும். கத்தீட்டர் வழியே சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால் தமனியின் உட்புறம் படத்தில் தெரியும். தமனியைத் தொட இனி கத்தியால் வெட்ட வேண்டியதில்லை என்றானது.

1963இல் ஒரு நோயாளியின் சிறுநீரகத் தமனியைப் படம் எடுப்பதற்காக டோட்டர் தொடை வழியாகக் கத்தீட்டரை மேலே செலுத்தினார். போகும் வழியில் அந்த நோயாளியின் இடுப்புத் தமனி முற்றிலும் அடைபட்டிருந்தது. ஆனால் கத்தீட்டர் அந்த அடைப்பைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் போய்விட்டது. அடைபட்டிருந்த தமனியில் வழி பிறந்துவிட்டது.

இன்னொருவராக இருந்தால் நல்லவேளை ஆபத்தில்லை என்று அதோடு விட்டிருப்பார். டோட்டர் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். படம் எடுக்கப் பயன்படும் கருவியால் நோயைச் சரிசெய்யவும் முடியும் என்பது அவருக்குப் புரிந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் செக்கோஸ்லோவாக்கியாவின் கார்லோவி வாரி நகரில் நடந்த மருத்துவ மாநாட்டில் அந்தக் கருத்தை வெளிப்படையாகச் சொன்னார். கற்பனையோடு கையாண்டால் கத்தீட்டரும் ஓர் அறுவைக் கருவியாகும் என்பது அவருடைய வாதம்.

அதே ஆண்டின் இறுதியில் சிகாகோவில் கதிரியக்க மருத்துவர்களின் மாநாடு ஒன்று நடந்தது. அங்கே பில் குக் என்ற இளம் தொழில்முனைவர் சிறு சாவடி போட்டு, ஊதுவிளக்கின் சூட்டில் டெஃப்லான் குழாய்களை இளக்கிக் கத்தீட்டர் செய்து காட்டிக்கொண்டிருந்தார். டோட்டர் அந்த விளக்கையும் குழாய்களையும் இரவல் வாங்கிக்கொண்டு ஹோட்டல் அறைக்குப் போனார். மறுநாள் காலை பத்துக் கத்தீட்டர்களோடு திரும்பி வந்தார். இருவரும் நீண்டகாலம் சேர்ந்து உழைத்தனர். கித்தார் தந்தியையும் காரின் வேகமானிக் கம்பியையும்கூட டோட்டர் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்.

காலைக் கொடுக்க மறுத்த மூதாட்டி

1964 ஜனவரி 16. போர்ட்லண்ட் மருத்துவமனையில் 82 வயது மூதாட்டி ஒருவர் படுத்திருந்தார். இடது பாதத்தில் ஆறாத புண். விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன. வலி தாங்க முடியவில்லை. காலை எடுக்கவேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லியும் அவர் சம்மதிக்கவில்லை. எடுத்துச் சொல்லிப் பார்த்த அறுவை மருத்துவர், டோட்டரின் முயற்சியைப் பற்றி அறிந்திருந்ததால் அவரை அழைத்தார்.

படத்தில் பார்த்தபோது தொடைத் தமனியில் ஒரு சிறு பகுதி மட்டும் மிகக் குறுகியிருந்தது. டோட்டர் முதலில் கம்பியை அந்த இடத்தைத் தாண்டிச் செலுத்தினார். அதன்மேல் ஒரு மெல்லிய கத்தீட்டர், அதன்மேல் அதைவிடத் தடித்த இன்னொன்று என்று ஒன்றின்மேல் ஒன்றாகச் செலுத்தி வழியை அகலமாக்கினார்.

சில நிமிடங்களில் குளிர்ந்திருந்த பாதம் சூடேறிச் சிவந்தது. ஒரு வாரத்தில் வலி மறைந்தது. புண் ஆறியது. சில வாரங்கள் கழித்து எடுத்த படத்திலும் தமனி திறந்தே இருந்தது. அந்த மூதாட்டி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தம் சொந்தக் கால்களால் நடந்து, பிறகு இதய நோயால் காலமானார்.

அந்த ஆண்டு நவம்பரில் டோட்டரும் அவருடன் பணியாற்றிய மெல்வின் ஜட்கின்ஸும் தங்கள் முதல் நோயாளிகளின் விவரங்களை ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். குழாய் அடைத்துக்கொண்டால் பழுதுபார்ப்பவர் உள்ளிருந்தே அடைப்பை நீக்குகிறார். இரத்தக்குழாய்க்கும் அதையே செய்யலாம் என்பதுதான் டோட்டரின் எளிய விளக்கம். குழாயும் திருகுக்குறடும் குறுக்காக இருக்கும் படத்தைத் தம் சின்னமாகவே வைத்துக்கொண்டார்.

பழுதுபார்க்க வேண்டாம்!

பாராட்டு எளிதில் வரவில்லை. அமெரிக்க அறுவை மருத்துவர்களில் பலர் இதை ஏற்கவில்லை. நோயாளியை எக்ஸ்ரே பிரிவுக்கு அனுப்பும்போது, படம் மட்டும் எடுக்கவும், சரிசெய்ய முயலவேண்டாம் என்று படிவத்தில் எழுதி அனுப்பிய அறுவை மருத்துவரும் உண்டு. 1964இல் லைஃப் என்ற பிரபல சஞ்சிகை அவர் சிகிச்சை செய்யும் படங்களை வெளியிட்டது. விறுவிறுப்போடு வேலை செய்துகொண்டிருந்த அவருடைய முகபாவங்கள் அந்தப் படங்களில் விசித்திரமாகத் தெரிந்தன. கிறுக்குச் சார்ல்ஸ் என்ற பட்டப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

எதிர்ப்பு முழுவதும் பொறாமை என்று சொல்லிவிட முடியாது. தடித்த கத்தீட்டரைச் செலுத்தத் தமனியில் பெரிய துளை தேவைப்பட்டது. அதனால் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். கொழுப்புப் படிவை முன்னோக்கித் தள்ளும்போது ஒரு துணுக்கு பெயர்ந்து கீழேயுள்ள சிறிய தமனியை அடைத்துவிடவும் கூடும். இவை நியாயமான அச்சங்கள்தாம். ஆனால் அவற்றைச் சோதித்துப் பார்க்காமலேயே அமெரிக்கா பல ஆண்டுகள் இந்த முறையை ஒதுக்கி வைத்தது.

ஐரோப்பா வேறு விதமாக நடந்துகொண்டது. ஜெர்மனியில் எபர்ஹார்ட் ஸைட்லர் இந்த முறையைக் கற்றுப் பல நோயாளிகளுக்குச் செய்தார். அங்கே இந்தச் சிகிச்சையைக் குறிக்க டோட்டரின் பெயரையே வினைச்சொல்லாக்கிப் பேசத் தொடங்கினர். ஸைட்லரிடம் அதைப் பார்த்துக் கற்றவர்களில் ஒருவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் என்ற இளம் மருத்துவர். அவர் சூரிக் நகரில், தம் வீட்டுச் சமையலறை மேசையில், கத்தீட்டரின் முனையில் பொருத்தும் சிறு பலூனை உருவாக்கினார். பலூன் சுருங்கிய நிலையில் உள்ளே போகும்; குறுகிய இடத்தில் மட்டும் விரியும். பெரிய துளையும் வேண்டாம், படிவைத் தள்ளிக்கொண்டு போகவும் வேண்டாம். 1974இல் அதைக் கால் தமனியில் பயன்படுத்தினார். 1977 செப்டம்பர் 16ஆம் தேதி இதயத் தமனியிலும் வெற்றி கண்டார். இதயத்தில் வெற்றி பெற்ற பிறகுதான் உலகம் டோட்டரைத் திரும்பிப் பார்த்தது. 1978இல் அவர் பெயர் நோபெல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை.

திறந்த தமனி மீண்டும் சுருங்குமே என்ற கவலையும் டோட்டருக்கு இருந்தது. 1969இல் சுருள்கம்பியால் ஆன சிறு குழாய்களை நாய்களின் கால் தமனிகளில் பொருத்திச் சோதித்த முடிவுகளை வெளியிட்டார். உடல் சூட்டில் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும் நிட்டினால் என்ற உலோகக் கலவையைக் கொண்டு 1983இல் அதை மேலும் வளர்த்தார். இன்று ஸ்டெண்ட் என்று நாம் சொல்லும் கருவியின் முன்னோடி அது.

எண்கள் சொல்லும் பதில்

இனி, முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். இந்தச் சிகிச்சையின் பலன் எவ்வளவு?

பதில், அடைப்பு இருக்கும் இடத்தைப் பொறுத்தது. இடுப்புத் தமனி அகலமானது. அங்கே திறந்த வழி பெரும்பாலும் நெடுநாள் நிலைக்கிறது. தொடையில் நீண்ட தூரத்துக்கு அடைபட்டிருந்தால் மீண்டும் சுருங்கும் வாய்ப்பு கூடுகிறது. முழங்காலுக்குக் கீழே தமனிகள் மெல்லியவை; நீரிழிவு உள்ளவர்களுக்கு அங்கே சுண்ணாம்பும் படிந்திருக்கும். அங்கேதான் சிகிச்சை மிகக் கடினம்.

அப்படியானால் அறுவை சிகிச்சையா, பலூனா? இதை அறிய, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வுகள் நடந்தன. 2005இல் பிரிட்டன் 452 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டது. இறக்காமலும் காலை இழக்காமலும் இருந்தவர்களின் அளவு தொடக்க காலத்தில் இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தவர்களில், முதலில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு அதன்பின் ஓரளவு கூடுதல் நன்மை தெரிந்தது.

2022இல் வெளிவந்த அனைத்துலக ஆய்வு இன்னும் பெரியது. 1,830 பேர் பங்கேற்றனர். காலிலிருந்து எடுத்துப் பொருத்த நல்ல சிரை உள்ளவர்களை முதலில் பார்ப்போம். மரணம், கணுக்காலுக்கு மேல் துண்டிப்பு, பெரிய மறுசிகிச்சை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் சந்தித்தோர் அறுவைக் குழுவில் 42.6 விழுக்காடு, கத்தீட்டர் குழுவில் 57.4 விழுக்காடு. நல்ல சிரை இல்லாதவர்களிடம் இரு முறைகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மறு ஆண்டே, 2023இல், இன்னோர் ஆய்வு எதிர்த் திசையில் பேசியது. முழங்காலுக்குக் கீழும் சிகிச்சை தேவைப்பட்ட 345 பேரில், இறந்தோ காலை இழந்தோ போனவர்கள் அறுவைக் குழுவில் 63 விழுக்காடு, கத்தீட்டர் குழுவில் 53 விழுக்காடு. கத்தீட்டர் குழுவில் மரணங்கள் குறைவாக இருந்ததே இதற்கு முக்கியக் காரணம்.

இரண்டு ஆய்வுகளும் முரண்படுகின்றனவே என்று குழம்ப வேண்டாம். அவற்றில் இருந்த நோயாளிகள் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். வெற்றி தோல்வியை அளந்த விதமும் ஒன்றல்ல. ஒருவருக்கு நல்ல சிரை இருக்கிறதா, அறுவையைத் தாங்குவாரா, அடைப்பு எங்கே, எவ்வளவு நீளம் என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் இரண்டிலிருந்தும் கிடைக்கும் பாடம். எடுத்த எடுப்பில் கத்தீட்டர் வேண்டாம் என்று படிவத்தில் எழுதியதும் சரியல்ல. எல்லாருக்கும் கத்தீட்டரே போதும் என்பதும் சரியல்ல.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சிகிச்சை முடிந்ததும் எடுக்கும் படத்தில் தமனி அழகாகத் திறந்திருக்கும். நோயாளிக்கு வேண்டியது அந்தப் படம் அல்ல. ஓராண்டு கழித்து அவர் நடக்கிறாரா, புண் ஆறியதா, கால் இருக்கிறதா என்பதே கணக்கு. 1964இல் அந்த மூதாட்டியை டோட்டர் தொடர்ந்து கவனித்து வந்ததன் அருமை இங்கேதான் விளங்குகிறது.

கடைசி ஆண்டுகள்

டோட்டரின் உடல் அவரைப் பலமுறை சோதித்தது. ஹாட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்து கதிர்வீச்சு சிகிச்சை பெற்றார். பிற்காலத்தில் இதய அறுவை சிகிச்சையும் தேவைப்பட்டது. அதற்கிடையிலும் வேலையையும் மலையேற்றத்தையும் அவர் விடவில்லை. 1985 பிப்ரவரி 15ஆம் தேதி போர்ட்லண்டில் காலமானார். அதே ஆண்டு ஜனவரியில் ஜட்கின்ஸும், அக்டோபரில் விமான விபத்தில் குருன்ட்ஸிக்கும் மறைந்தனர். ஒரு துறையை உருவாக்கிய மூவரை மருத்துவ உலகம் ஒரே ஆண்டில் இழந்தது. டோட்டரின் பெயர் தாங்கிய ஆய்வு நிலையம் இன்று அதே போர்ட்லண்டில் இயங்குகிறது.

நமக்கும் தொடர்பு உண்டு

மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும், 2023ஆம் ஆண்டின் ஆய்வில் 15.6 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருப்பது தெரிந்தது. சிங்கப்பூர் 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. இரு நாடுகளிலும் இந்தியர்களிடையே இந்நோயின் விகிதம் அதிகம். நீரிழிவும் புகைபிடித்தலும் கால் தமனிகளைக் கெடுக்கும் முக்கியக் காரணங்கள். நம் வீட்டுத் தாத்தா பாட்டிகளின் காலைப் பற்றிய கதை இது.

சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் வலி குறைகிறதா? ஒரு பாதம் மட்டும் குளிர்ந்திருக்கிறதா? பாதத்தில் புண் வந்து இரண்டு வாரமாகியும் ஆறவில்லையா? வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய, வலியில்லாத சோதனையே பெரும்பாலும் நோயைக் காட்டிவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். புண் வந்ததே தெரியாமல் போகலாம். எனவே இரவில் ஒருமுறை அவர்கள் பாதத்தைப் பார்ப்பதை வீட்டிலுள்ள இளையர்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளலாம். முற்றிய பிறகு காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதை மேலேயுள்ள எண்களே சொல்கின்றன.

மருத்துவம் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் துறையில் அறுவை மருத்துவர், கதிரியக்க மருத்துவர், பாதப் பராமரிப்பு நிபுணர், தாதி, பலூன் தயாரிக்கும் பொறியாளர் என எல்லாருக்கும் இடம் உண்டு. ஸ்டெண்ட் போட்டாலும் தமனி மீண்டும் சுருங்குவதைத் தடுக்கும் வழி இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை, குறிப்பாக முழங்காலுக்குக் கீழே. டோட்டர் தொடங்கிய வேலையில் பாக்கி இருப்பது அதுதான்.